அண்ணாச்சி நோட்டும் ஊர்ப் பணமும்

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை ஆரம்பிப்பது சரியாக இருக்காது.

கோவைப் பக்கம் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சின்னச் சந்தை கூடும். கீரை, நாட்டுக் காய்கறி, செக்கு எண்ணெய், பால், தேன், கைத்தறித் துணி என்று பதினெட்டு கடைகள். எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். "நமக்குள்ளே வாங்கி விக்கறதுக்கு எதுக்குங்க ரூபா நோட்டு, நாமளே ஒரு அட்டை அடிச்சுக்கலாமே" என்று பேச்சு வந்தது. உள்ளூர் நாணயங்கள் பற்றி நான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதால் அதை வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தது. உற்சாகமாகச் செய்தேன். கடைக்கு ஐந்நூறு ரூபாய் மதிப்புள்ள அட்டைகள், இலவசமாக. மொத்தம் ஒன்பதாயிரம். முதல் மூன்று வாரம் திருவிழா மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு முன்பே எல்லாம் நின்றுபோனது. நின்றபோது கீரை விற்கும் அக்காவின் சுருக்குப்பையில் 2,340 ரூபாய்க்கு அட்டைகள் இருந்தன. மொத்த அட்டையில் கால்வாசிக்கும் மேல். கீரை எல்லாருக்கும் தினமும் வேண்டும், அதனால் எல்லா அட்டையும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குத் தேவைப்பட்டதோ பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ், மோட்டாருக்கு ஒரு ரிப்பேர். "இதைக் கொண்டுபோனா ஃபீஸ் கட்ட முடியுங்களா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகமாகத்தான் கேட்டார். அந்த அட்டைகளை நான் ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன.

இப்போது சந்தைக்காரர்கள் மறுபடி கேட்கிறார்கள். வருகிற ஞாயிறு கூடிப் பேசப்போகிறோம். இந்த முறை முதலில் ஒழுங்காகப் படித்துவிட்டுப் பேசலாம் என்று உட்கார்ந்தேன். படித்ததன் சுருக்கம்தான் கீழே இருப்பது.

முதலில் ஒரு தெளிவு: இது பண்டமாற்று அல்ல

2016 நவம்பர் 8 இரவு நினைவிருக்கும். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் ஓரங்கட்டப்பட்டது. மறுநாள் காலை கடையில் அரிசி இருந்தது, தோட்டத்தில் காய் இருந்தது, வேலை செய்ய ஆளும் இருந்தார்கள். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும் காகிதம் மட்டும் இல்லை.

அப்போது எங்கள் தெருவைக் காப்பாற்றியது அண்ணாச்சி கடை நோட்டுதான். "எழுதிக்கிறேன், அப்புறம் குடுங்க" என்றார். யாரும் அவரிடம் போய்த் தேங்காயைக் கொடுத்துச் சர்க்கரை வாங்கவில்லை. பண்டத்துக்குப் பண்டம் என்று யாரும் போகவில்லை, கணக்கு என்று போனார்கள்.

இது தற்செயல் இல்லை. பண்டமாற்றில் ஒரு பழைய சிக்கல் உண்டு. என்னிடம் இருப்பது உங்களுக்கு வேண்டும், உங்களிடம் இருப்பது எனக்கு வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில், ஒரே அளவில். ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1875லேயே இந்த 'இரட்டைப் பொருத்தம்' அமைவது எவ்வளவு அரிது என்று எழுதினார். பாடப்புத்தகங்கள் இதிலிருந்து ஒரு கதை கட்டின: ஆதியில் பண்டமாற்று, அது கஷ்டமாக இருந்ததால் பணம், பிறகு கடன். ஆனால் கேரோலைன் ஹம்ஃப்ரி என்ற மானுடவியலாளர் 1985ல் எழுதிய கட்டுரையில், முழுக்க முழுக்கப் பண்டமாற்றிலேயே இயங்கிய ஒரு சமூகம் எங்கும் பதிவாகவில்லை என்று காட்டினார். டேவிட் கிரேபர் 2011ல் வெளிவந்த கடன் பற்றிய தன் புத்தகத்தில் இதையே விரித்தார். உப்பு வண்டியோடு வரும் உமணர், நெல்லுக்கு உப்பு என்று ஊரூராக விற்றுப்போனது நம் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வெளியூர்க்காரரோடு நடந்த வியாபாரம். ஒரே ஊருக்குள் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் 'அப்புறம் தர்றேன்' என்ற வழியில்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆகவே உள்ளூர் நாணயம் என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். அண்ணாச்சி நோட்டில் உங்கள் பெயரில் இருக்கும் பற்று ஒரு வாக்குறுதி. அந்தப் பக்கத்தைக் கிழித்து அண்ணாச்சி பால்காரரிடம் கொடுத்து, பால்காரர் அதை வாங்கிக்கொண்டால் அந்த வாக்குறுதி பணமாகிவிட்டது. உலகத்தில் உள்ள அத்தனை ஊர்ப் பணமும் இந்தக் கிழித்த பக்கத்தின் ஏதோ ஒரு வடிவம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கேள்விதான்: கடைசியில் அந்தப் பக்கத்தை யார் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்?

என் அட்டைகள் தோற்றதற்குக் காரணம் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது.

குழந்தை பார்க்கும் சங்கத்தில் வந்த பொருளாதார மந்தம்

பணம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள நான் பார்த்ததிலேயே சிறந்த உதாரணம் வாஷிங்டனில் கேப்பிடல் ஹில் பகுதியில் இருந்த ஒரு சங்கம். சுமார் 150 இளம் தம்பதிகள். ஒருவர் வெளியே போகும்போது இன்னொருவர் அவர்களுடைய குழந்தையைப் பார்த்துக்கொள்வார். கணக்குக்குச் சீட்டு. குழந்தை பார்த்தால் சீட்டு வரும், பார்க்கச் சொன்னால் சீட்டு போகும். உறுப்பினர்களாக இருந்த ஜோன் ஸ்வீனி, ரிச்சர்ட் ஸ்வீனி தம்பதி 1977ல் ஒரு பொருளியல் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார்கள். பிறகு பால் க்ரூக்மன் இதை உலகம் முழுக்கப் பரப்பினார்.

ஒரு கட்டத்தில் புழக்கத்தில் இருந்த சீட்டு குறைந்தது. 'அவசரத்துக்கு வேண்டுமே' என்று எல்லாரும் சீட்டைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சேர்க்க வேண்டுமானால் அடுத்தவர் குழந்தையைப் பார்க்க வேண்டும், தான் வெளியே போகக்கூடாது. எல்லாருமே வெளியே போகாவிட்டால் பார்ப்பதற்குக் குழந்தை ஏது? எல்லாரும் வேலைக்குத் தயார், ஆனால் யாருக்கும் வேலை இல்லை. சங்கத்துக்குள்ளேயே ஒரு மந்தநிலை வந்துவிட்டது.

சங்கத்தில் வக்கீல்கள் அதிகம். ஒவ்வொரு தம்பதியும் இத்தனை முறை வெளியே போயே ஆகவேண்டும் என்ற மாதிரி விதி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் சீட்டை அதிகம் அச்சடித்துக் கொடுத்தார்கள். எல்லாரும் வெளியே போக ஆரம்பித்தார்கள், சங்கம் உயிர்பெற்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. போகப்போகச் சீட்டு அளவுக்கு மிஞ்சியது. எல்லார் கையிலும் சீட்டு, குழந்தை பார்க்க ஆள் இல்லை.

இதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் ஏமாற்றுக்காரரும் இல்லை. அளவு தவறினாலே போதும், நல்லவர்களின் சங்கமும் படுத்துவிடும்.

வோர்குல்: திரும்பும் வழி இருந்த பணம்

உள்ளூர் நாணயம் பற்றிப் பேசும் எல்லாரும் ஆஸ்திரியாவின் வோர்குல் ஊரைச் சொல்வார்கள். டிரோல் மாநிலத்தில், அப்போது சுமார் 4,200 பேர் வாழ்ந்த ஊர். 1932, உலகப் பெருமந்தத்தின் நடுவில். ஆலைகள் மூடப்பட்டிருந்தன, நகராட்சிக்கு வரிப்பாக்கி ஏறிக்கொண்டே போனது. மேயர் மிஷேல் அன்டர்குக்கன்பெர்கர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சில்வியோ கெசல் என்பவரின் எழுத்துகளைப் படித்தவர். பொருள் எல்லாம் கெட்டுப்போகும்போது பணம் மட்டும் கெடாமல் இருப்பதால்தான் மக்கள் அதைப் பதுக்குகிறார்கள், பணமும் தேய வேண்டும் என்பது கெசலின் வாதம்.

1932 ஜூலை இறுதியில் நகராட்சி தன் சொந்தச் சீட்டுகளை வெளியிட்டது. 1, 5, 10 ஷில்லிங் மதிப்பில். ஒவ்வொரு மாதமும் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டினால்தான் அந்தச் சீட்டு முழு மதிப்புக்குச் செல்லும். பதுக்கினால் நஷ்டம், ஆகவே கையில் வந்ததும் செலவழித்தார்கள். சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், பனிச்சறுக்குத் தாவலுக்கு ஒரு மேடைகூடக் கட்டினார்கள். எந்த நேரத்திலும் புழக்கத்தில் இருந்தது சில ஆயிரம் ஷில்லிங்தான். கை மாறிய வேகம்தான் வேலையைச் செய்தது. அடுத்த நாடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இந்த ஸ்டாம்ப் சீட்டு முறை பற்றி 1933ல் ஒரு புத்தகமே எழுதினார்.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்த ஒரு சதவீத ஸ்டாம்பிலேயே நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். இந்த முறை படிக்கும்போது வேறு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, நகராட்சி அந்தச் சீட்டை வரியாக வாங்கிக்கொண்டது. சம்பளமாகப் போன சீட்டு கடைக்காரரிடம் போகும், கடைக்காரர் வரிப்பாக்கி கட்டுவார், சீட்டு நகராட்சிக்கே திரும்பும், மறுபடி சம்பளமாகப் போகும். ஸ்டாம்ப் ஒட்டுவதைவிட வரி கட்டிவிடலாம் என்று முன்கூட்டியே வரி கட்டியவர்களும் உண்டு. இரண்டு, வெளியிட்ட சீட்டுக்கு ஈடாக நிஜ ஷில்லிங்கை உள்ளூர் வங்கியில் போட்டுவைத்திருந்தார்கள். அவசரமென்றால் இரண்டு சதவீதம் கழித்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம். அதாவது வெளியே போகிற கதவு திறந்தே இருந்தது. திறந்திருந்ததால் பெரும்பாலானோர் அதன் வழியே போகவில்லை.

எங்கள் கீரை அக்காவுக்கு நான் அப்படி ஒரு கதவு வைக்கவில்லை.

வோர்குல் எப்படி முடிந்தது? பணம் அச்சடிக்கும் உரிமை தனக்கு மட்டுமே என்று ஆஸ்திரிய தேசிய வங்கி எதிர்த்தது. மற்ற ஊர்கள் பின்பற்றத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், 1933 செப்டம்பரில் நிறுத்த வேண்டியதாயிற்று. பதினான்கு மாதத்துக்குள் ஆடி அடங்கிய சோதனை அது. நீண்ட நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அர்ஜென்டினா: இலவச ஐம்பது

அடுத்த கதைதான் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்தது, ஏனென்றால் இது என் கதை.

1995 மே 1. புவெனஸ் ஐரிஸ் நகரத்துக்குத் தெற்கே பெர்னால் என்ற இடத்தில் சுமார் இருபது பேர் கூடி ஒரு பரிமாற்றச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். வீட்டில் செய்த ரொட்டி, காய்கறி, துணி, முடிவெட்டு, பல் வைத்தியம் என்று எல்லாமே உண்டு. முதலில் அட்டையிலும் கம்ப்யூட்டரிலும் கணக்கு எழுதினார்கள். ஆள் கூடக்கூட அது சமாளிக்க முடியாமல் போகவே 'கிரெடிட்டோ' என்ற காகிதச் சீட்டுக்கு மாறினார்கள். வருகிறவர் வாங்குபவராக மட்டும் இருக்கக்கூடாது, ஏதாவது ஒன்றைச் செய்து கொண்டுவரவும் வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை விதி.

பிறகு 2001 டிசம்பர் வந்தது. வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்க முடியாது என்று அரசு பூட்டுப் போட்டது. ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்ற பத்தாண்டு ஏற்பாடு 2002 ஜனவரியில் உடைந்தது. அந்த வருஷம் வேலையின்மை இருபது சதவீதத்தைத் தாண்டியது. ஜனங்கள் பரிமாற்றச் சங்கங்களை நோக்கி ஓடினார்கள். உச்சத்தில் நாடு முழுக்க ஐயாயிரம் கிளைகள் வரை இருந்தன என்றும், இருபத்தைந்து லட்சம் பேர் வரை பங்கெடுத்தார்கள் என்றும் மதிப்பீடுகள் உண்டு. வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். நேற்றுவரை நடுத்தர வர்க்கமாக இருந்த குடும்பங்களும் நிறைய. அந்த ஆண்டு பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தச் சீட்டால்தான், அதை மறக்கக்கூடாது.

ஆனால் 2002 முடிவதற்குள் பெரும்பாலான கிளைகள் மூடப்பட்டுவிட்டன. இத்தனை வேகமாக ஏறிய ஒன்று ஏன் அதைவிட வேகமாக இறங்கியது?

புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் ஐம்பது கிரெடிட்டோ கொடுக்கும் வழக்கம் இருந்தது. இருபது பேர் கொண்ட குழுவில் அதில் ஆபத்து இல்லை. ஒருவர் விலகினால் மற்றவர்கள் போய்க் கேட்கலாம். லட்சக்கணக்கில் ஆள் வரும்போது ஒவ்வொருவரும் ஐம்பது வாங்கி உணவுப்பொருள் வாங்கிவிட்டு, வீட்டில் கிடந்த பழைய துணியை விற்க வைத்தார்கள். சீட்டு பெருகியது, மாவும் எண்ணெயும் சர்க்கரையும் பெருகவில்லை. ரொட்டி சுடுகிறவருக்கு மாவு வாங்க பெசோ வேண்டும், கிரெடிட்டோவில் யாரும் மாவு தரமாட்டார்கள். ஆகவே அவர்கள் வருவதைக் குறைத்தார்கள். விலை தாறுமாறாக ஏறியது. போதாததற்கு, நாடு முழுக்கச் செல்லும்படி ஒரே வகைச் சீட்டு பரவியிருந்ததால் கள்ளச்சீட்டு அடிப்பது லாபமான தொழிலாகிவிட்டது. யார் அச்சடித்தார்கள், எவ்வளவு அச்சடித்தார்கள் என்பதிலேயே நம்பிக்கை போயிற்று. அதே வருஷம் அரசு, வேலையில்லாக் குடும்பத் தலைவர்களுக்கு மாதம் 150 பெசோ கொடுக்க ஆரம்பித்தது. கையில் நிஜப் பணம் கொஞ்சம் வந்ததும் கிரெடிட்டோவைச் சீந்த ஆள் இல்லை.

தங்கள் சீட்டைத் தங்கள் வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அளவையும் கட்டுப்படுத்திய சில சின்னக் கிளைகள் மட்டும் தப்பிப் பிழைத்தன.

படித்துக்கொண்டே வரும்போது எனக்கு முகம் சுருங்கிப்போனது. இலவச ஐம்பது. என் இலவச ஐந்நூறு. அந்த ஐந்நூறை வாங்கிச் செலவழித்த கடைக்காரர் யாருக்கும் எதுவும் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு கடைக்காரர்கள் முதல் மாதமே அட்டையை முழுக்கக் கீரைக்கும் எண்ணெய்க்கும் கொடுத்துவிட்டுச் சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். விதியை மீறினார்கள் என்று சொல்ல முடியாது, விதியே இல்லையே. நான் கொடுத்தது பணம் என்று நினைத்தேன். உண்மையில் அது கீரை அக்காவின் உழைப்பை அடுத்தவருக்கு நான் எழுதிக்கொடுத்த தானப்பத்திரம்.

சுவிட்சர்லாந்தின் விர்: தொண்ணூறு வருஷம் ஓடியது எப்படி

தோற்றதையே படித்துக்கொண்டிருந்தால் மனசு சோர்ந்துவிடும். நீண்ட நாள் நிலைத்த ஒன்றையும் பார்ப்போம்.

1934ல் சுவிட்சர்லாந்தில் வெர்னர் சிம்மர்மன், பால் என்ஸ் ஆகிய இருவரும் சில நண்பர்களுமாக ஆரம்பித்தது விர். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'நாம்' என்று அர்த்தம், 'பொருளாதார வட்டம்' என்பதன் சுருக்கமும் அதுவே. இவர்களும் கெசலின் சிந்தனையில் வந்தவர்கள்தான், ஆனால் பணம் தேய வேண்டும் என்ற விதியைப் பிற்காலத்தில் கைவிட்டுவிட்டார்கள். 1936ல் வங்கி உரிமம் பெற்றார்கள். இன்றும் விர் வங்கி இருக்கிறது. ஒரு விர் என்பது ஒரு ஃபிராங்குக்குச் சமம், ஆனால் வங்கியில் கொடுத்து ஃபிராங்காக மாற்ற முடியாது. உறுப்பினர்கள் சிறு, நடுத்தர வியாபாரிகள். ஓட்டல்காரர் பெயின்டருக்குப் பாதி ஃபிராங்கிலும் பாதி விரிலும் கூலி கொடுப்பார், பெயின்டர் அந்த விரைத் தச்சரிடம் செலவழிப்பார்.

விர் எப்படி உருவாகிறது என்பதுதான் முக்கியம். சும்மா கொடுப்பதில்லை. ஈடு வாங்கிக்கொண்டு கடனாகக் கொடுக்கிறார்கள். கடன் வாங்கியவர் அதை விரில் திருப்பிக் கட்டியாக வேண்டும். ஆகவே வட்டத்துக்குள் விர் தேவைப்படும் ஆள் எப்போதும் இருக்கிறார், அவர் தன் சரக்கை விருக்கு விற்றே தீரவேண்டும். வோர்குலில் வரி செய்த வேலையை இங்கே கடன் செய்கிறது.

ஜேம்ஸ் ஸ்டாடர் என்ற பொருளியலாளர் பல பத்தாண்டுப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்து ஒன்றைக் காட்டினார். நாட்டுப் பொருளாதாரம் தளரும்போது விர் புழக்கம் கூடுகிறது, நன்றாக இருக்கும்போது குறைகிறது. மழைக்காலத்துக் குடை மாதிரி. அண்மைக் காலத்தில் அதன் புழக்கம் முன்னைவிடச் சுருங்கிவிட்டது, ஆனாலும் தொண்ணூறு வருஷம் சின்ன விஷயம் இல்லை.

இதற்கு நேர்மாறாக இங்கிலாந்தின் பிரிஸ்டல் பவுண்ட். 2012ல் பெரிய கொண்டாட்டத்தோடு வந்தது. அந்நகர மேயர் தன் சம்பளம் முழுவதையும் அதில் வாங்கினார், நகராட்சி வரியையும் அதில் கட்டலாம். அத்தனையும் இருந்தும் 2021ல் முடிந்துபோனது. காரணமாக நான் நினைப்பது இதுதான்: அதை வாங்கவே நிஜப் பவுண்ட் கொடுக்க வேண்டும். பணம் இல்லாதவனுக்கு அது உதவாது, பணம் இருப்பவனுக்கு அட்டையை உரசுவது சுலபம். ஊர்ப்பற்று மட்டும்தான் மிச்சம், அதைக்கொண்டு எவ்வளவு நாள் ஓட்ட முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது

கென்யாவில் மொம்பாசா நகரத்தில் பங்களாதேஷ் என்ற பெயரில் ஒரு குடிசைப்பகுதி. 2013 மே மாதம் அங்கே சின்ன வியாபாரிகள் 'பங்களா-பெசா' என்ற சீட்டை ஆரம்பித்தார்கள். சக வியாபாரிகள் உத்தரவாதம் கொடுத்தால்தான் ஒருவர் சேர முடியும். கொஞ்ச நாளிலேயே ஒருங்கிணைத்தவரையும் ஐந்து பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டார்கள், அந்த முயற்சி பிறகு 'சராஃபு' என்ற பெயரில் கைபேசி வழியாக வளர்ந்தது. முடிவு நல்லபடிதான், ஆனால் எங்கள் சந்தையில் யாரும் ஜெயிலுக்குப் போய் வரத் தயாராக இல்லை.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 'இதைக் கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் தருவேன்' என்ற வகைப் பத்திரத்தை ரிசர்வ் வங்கியும், அந்தச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் இடத்தில் மத்திய அரசும் தவிர யாரும் வெளியிடக்கூடாது என்கிறது. கை மாறிக்கொண்டே போகும் சீட்டு இதற்கு ஆபத்தான அளவு பக்கத்தில் வருகிறது. ஒரு கடை தன் கடையில் மட்டும் செல்லும் கூப்பன் கொடுத்தால் சிக்கல் இல்லை. ரூபாய் வாங்கிக்கொண்டு பல கடைகளில் செல்லும் கூப்பன் கொடுத்தால் அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். அப்புறம் ஜிஎஸ்டி. அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே பண்டமாற்றும் வழங்கல் என்று எழுதியிருக்கிறது. ரூபாய் கை மாறவில்லை என்பதால் வரிக் கணக்கிலிருந்து தப்பிவிட முடியாது. நான் வக்கீல் இல்லை, எதையும் ஆரம்பிக்கும் முன் ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பார்த்தபின், போன வருஷம் அட்டை அடித்ததே தப்பு என்று தோன்றுகிறது. எங்களுக்கு வேண்டியது அட்டை இல்லை, நோட்டு.

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லப்போவது

கனடாவில் மைக்கேல் லின்டன் என்பவர் 1983ல் ஆரம்பித்து, பிறகு பல நாடுகளில் பரவிய ஒரு முறை இருக்கிறது. பரஸ்பரக் கடன் என்று சொல்லலாம். அதில் அச்சடிப்பதே கிடையாது. எல்லாரும் சைபரில் ஆரம்பிப்பார்கள்.

எங்கள் சந்தையை வைத்தே சொல்கிறேன். கீரை அக்கா தையல்காரரிடம் 300 ரூபாய்க்கு மகளுக்குப் பாவாடை தைக்கிறார். நோட்டில் அக்காவுக்கு 300 பற்று, தையல்காரருக்கு 300 வரவு. தையல்காரர் 250 ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறார். அவர் வரவு 50 ஆகிறது, எண்ணெய்க்காரருக்கு 250 வரவு. எண்ணெய்க்காரர் அக்காவிடம் 200 ரூபாய்க்குக் கீரை வாங்குகிறார். அவர் வரவு 50, அக்காவின் பற்று 100. இப்போது கூட்டிப் பாருங்கள்: இரண்டு ஐம்பது வரவு, ஒரு நூறு பற்று. மொத்தம் சைபர். 750 ரூபாய்க்கு வியாபாரம் நடந்திருக்கிறது, ஒரு ரூபாய்கூட வெளியிலிருந்து வரவில்லை. யாரும் அளவுக்கு மீறி அச்சடிக்க முடியாது, ஏனென்றால் ஒருவரின் வரவு என்பது இன்னொருவரின் பற்று. பற்று வைத்தவர் சரக்குக் கொடுத்துத்தான் அதைத் தீர்க்க வேண்டும். திரும்பும் வழி நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மொய் நோட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதைத் தலைமுறை தாண்டியும் எழுதிவைக்கிற ஜனங்கள் நாம்.

ஆனால் இதிலும் கீரை அக்காவின் பிரச்சினை தானாகத் தீராது. அவருக்கு 2,340 வரவு ஏறினால் அது நோட்டில் ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே நான்கு விதி கேட்கப்போகிறேன்.

பற்றுக்கு உச்சவரம்பு 500 ரூபாய். அதைத் தாண்டினால் ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். இது எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள்.

வரவுக்கும் உச்சவரம்பு 500 ரூபாய். இதுதான் யாரும் யோசிக்காதது. அந்த அளவை எட்டியதும் அக்கா நோட்டில் எழுத மறுக்கலாம், காசு கேட்கலாம், யாரும் முகம் சுளிக்கக்கூடாது. போன வருஷம் அவர் மறுக்கத் தயங்கியதற்குக் காரணம் மரியாதைதான்.

மாசக் கடைசியில் ஒரு கதவு. விரும்பியவர் தன் வரவில் பாதிவரை ரூபாயாகக் கேட்கலாம், பற்று வைத்திருப்பவர்கள் அதைக் கட்ட வேண்டும். விலகுகிறவர் பற்றைத் தீர்த்துவிட்டுத்தான் விலகலாம்.

நான்காவது, பதினெட்டுக் கடைகளுக்குமேல் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். முகம் தெரிந்தவர்களுக்குள் நடக்கட்டும். ஒரு வருஷம் ஓடினால் பார்க்கலாம்.

இதனால் பெரிய புரட்சி எதுவும் வராது. ஃபீஸும் டீசலும் கரண்டு பில்லும் ரூபாயில்தான் கட்டியாக வேண்டும். ஒரு கடைக்காரரின் வாரச் செலவில் இந்த நோட்டுக்குள் அடங்குவது கொஞ்சம்தான். ஆனால் வியாபாரம் மந்தமான வாரத்தில் கையில் காசு இல்லாமலே வீட்டுக்கு எண்ணெயும் காயும் கொண்டுபோக முடிந்தால், அந்த வாரம் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்கலாம். எனக்கு அந்த அளவு போதும்.

நேற்று கீரை அக்காவிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நோட்டை யார் எழுதுவீங்க?" என்றார். நான் எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணெய்க்காரர் சம்சாரம் எழுதட்டும். அந்தப் பொண்ணு கணக்குல கறாரு. நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்குங்க" என்றார்.

ஞாயிறு என்ன முடிவாகிறது என்று அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.